ஒரே கம்பியில் இரண்டு பேச்சு

"மறுபடியும் அழுத்து" என்றார் மேடம்.

வாலு சிவப்புப் பட்டனை அழுத்தினான். இடுப்பு உயரத்தில் எதிரெதிராகச் சுழன்றுகொண்டிருந்த இரண்டு இரும்பு உருளைகளும் ஒரு முனகலோடு நின்றன. கண் மூடித் திறப்பதற்குள்.

"மேடம், நான் சொன்னதை உடனே கேட்ட முதல் ஜீவன் இதுதான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாமா?"

"இன்னொரு தடவை."

மெஷின் ஓடியது. வாலு அழுத்தினான். நின்றது.

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இன்ஜினியரின் முகத்தில் ஒரு திருப்தி. "நான்தான் அப்பவே சொன்னேனே மேடம். பட்டன்ல கோளாறு இல்ல. கோளாறு ஆள்கிட்ட. சரியான நேரத்துல அழுத்தாம வேடிக்கை பாத்துட்டு நின்னிருக்கான். கம்ப்யூட்டர்ல தெளிவா பதிவாயிருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"சொல்லாது. தனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லும்" என்றார் மேடம்.

நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, எந்நேரமும் கான்வாஸ் ஷூவில் நடமாடும் மேடம், பல வருஷம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்துகளை விசாரித்தவர். முடிவை முதலிலேயே எழுதிவைத்துவிட்டு விசாரிக்கச் சொன்னார்கள் என்று வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்துவிட்டார். வாலு அவருடைய உதவியாளன். ஒரு காலத்தில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்தவன். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. வாலு என்ற பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு அவனைப் பெற்றவளே சொந்தப் பெயரை மறந்துவிட்டதாகச் சொல்வான்.

அவர்கள் நின்றிருந்தது ஒரு ரப்பர் ஷீட் தொழிற்சாலை. போன வாரம் இதே மெஷினில் ஓர் உயிர் போயிருந்தது.

முன்பக்கம் நின்று ரப்பர் கட்டிகளைப் போட்டுக்கொண்டிருந்தவனை எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுவார்கள். அவன் கையுறை உருளைகளுக்கு நடுவே சிக்கிவிட்டது. இழுத்து நிறுத்துவதற்கான முன்பக்கக் கம்பி தலைக்கு மேலே இருந்தது. கை உள்ளே இழுக்கப்பட்டுக் குனிந்துபோனவனுக்கு அது எட்டவில்லை. பின்பக்கம் நின்ற ஆபரேட்டர்தான் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும்.

"அழுத்தினேன். அவன் கத்தினதுமே அழுத்தினேன். மெஷின் கேக்கல" என்று அந்த ஆபரேட்டர் சொல்லிக்கொண்டே இருந்தான். பட்டனை விட்டுவிட்டு ஓடிப்போய் ஒல்லியை இழுத்ததில் அவனுடைய வலது கையும் நசுங்கியிருந்தது. கை சிக்கி உருளைகள் திணறத் தொடங்கி வெகு நேரம் கழித்துத்தான் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது என்றது தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர். கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் பதிவானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன், வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர்.

மேடத்தைத் தேடி வந்தது அவனுடைய அக்கா. அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், ஊரின் மறுகோடியில், ஸ்கிரீன் ரூமில் வேலை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். வந்து உட்கார்ந்ததும் அவள் சொன்னது இதுதான்:

"மேடம், அந்த மெஷின் நின்னதை முதல்ல பாத்ததே நான்தான். ஸ்கிரீன்ல வேகம் சட்டுனு பூஜ்யத்துக்கு வந்துச்சு. நெஞ்சுல சுருக்குன்னுச்சு. அப்பவே போன் அடிச்சேன். அவன் எடுக்கல. என் தம்பி சோம்பேறியா இருக்கலாம், கோவக்காரனா இருக்கலாம். ஒருத்தன் சாகறதை வேடிக்கை பாக்கறவன் இல்ல மேடம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மேடம் வக்கீல் மூலம் அனுமதி வாங்கி இங்கே வந்திருந்தார். வந்து பார்த்தால், பட்டன் பழுதில்லாமல் வேலை செய்தது.

"கிளம்பலாமா?" என்றார் இன்ஜினியர். "மதியம் ஷிஃப்ட்லேர்ந்து இந்த மெஷின் மறுபடி ஓடப்போகுது. ஆர்டர் வந்தாச்சு."

மேடம் கிளம்பவில்லை. மெஷினை ஒட்டி நின்ற சாம்பல் நிற இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒரு பழைய கன்ட்ரோல் பெட்டி. அதன்மேல் அங்குலக் கணக்கில் தூசி. தூசிக்கு நடுவே, பளிச்சென்று வெள்ளையாக, உள்ளங்கை அளவில் இன்னொரு பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு நிதானமாக மினுங்கியது.

"இது என்ன?"

இன்ஜினியரின் குரல் மாறியது. மாப்பிள்ளை பெருமை பேசும் மாமனார் போல ஆனார். "கேட்வே மேடம். இந்த மெஷினோட மூளை நான் ஸ்கூல் படிக்கிற காலத்துது. அதுக்கு இன்டர்நெட் பாஷை தெரியாது. இந்தப் பெட்டி அதுகிட்ட கேள்வி கேட்டு, பதிலை மொழிபெயர்த்து, ஹெட் ஆபீசுக்கு அனுப்பும். எந்த மெஷின் ஓடுது, என்ன வேகம், எவ்வளவு சூடு, எல்லாம் அங்க உக்காந்தபடியே பாக்கலாம். மாட்டி ஒரு மாசம்தான் ஆகுது."

"புரிஞ்சுது" என்றான் வாலு. "தாத்தாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் குடுத்தா உடைச்சிடுவார்னு, பக்கத்துல ஒரு பேரனை உக்கார வெச்சிருக்கீங்க."

"இருங்க, லைவ்ல காட்டறேன்." இன்ஜினியர் பையிலிருந்து போனை எடுத்தார். வெளியாட்கள் என்று மேடம், வாலு இருவருடைய போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அங்கே இருந்தது அவருடைய போன் ஒன்றுதான். மெஷினை ஓடவிட்டு, திரையைத் திறந்து நீட்டினார். அழகான வட்டங்கள், துடித்துக்கொண்டிருக்கும் எண்கள். "பாருங்க, இந்த நொடியில என்ன வேகமோ அது."

மேடம் திரையைக் குனிந்து பார்த்தபடியே சொன்னார்: "வாலு, அழுத்து."

வாலு அழுத்தினான்.

உருளைகள் சுழன்றன.

"மேடம், அழுத்திட்டேன்."

சுழன்றன.

"மேடம்?" அவன் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினான். "மேடம், இது நிக்கல!"

உருளைகள் எண்ணெய் மினுங்கச் சாவகாசமாகச் சுழன்றுகொண்டே இருந்தன. ஒரு ஆள் அலறி முடிக்கிற நேரம். பிறகு, அப்போதுதான் காதில் விழுந்தது போல, முனகி நின்றன.

வாலு பட்டனிலிருந்து கையை எடுத்து சட்டையில் துடைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மேடம் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். நிதானமாக மினுங்கிய பச்சை விளக்கு இப்போது பைத்தியம் பிடித்தது போல் படபடத்துக்கொண்டிருந்தது.

"போனை மூடுங்க" என்றார்.

இன்ஜினியர் மூடினார். விளக்கு நிதானத்துக்கு வந்தது. மெஷினை மறுபடி ஓடவிட்டதும் வாலு சிவப்புப் பட்டனை அழுத்தினான். உடனே நின்றது.

"திறங்க."

விளக்கு படபடத்தது. வாலு அழுத்தினான். உருளைகள் ஓடின, ஓடின, ஓடின.

"பின்பக்கப் பட்டன் அழுத்தினது அந்தப் பழைய மூளைக்கு எப்படிப் போகுது?" மேடத்தின் குரல் உயரவில்லை.

"பின்பக்க பேனல் பிற்பாடு சேர்த்தது மேடம். அதுலேர்ந்து ஒரு கம்பி போகுது."

"இந்தப் பெட்டி கேள்வி கேக்கறது?"

இன்ஜினியர் அலமாரிக்குள் விரலை நீட்டினார். "அதே கம்பிதான். பழைய மூளையில வேற வாசல் இல்ல."

"ஒரே கவுன்டர்" என்றான் வாலு மெதுவாக. "முன்னாடி நிக்கறவன் என்ன வேகம், என்ன சூடுன்னு ஓயாம விசாரிச்சுக்கிட்டு இருக்கான். பின்னாடி ஒருத்தன் 'ஐயோ, ஆள் சாகறான், நிறுத்து'ன்னு கத்தறான். கிழவன் வரிசைப்படிதான் பதில் சொல்றான்."

"யாரும் பாக்காதப்போ பெட்டி எப்பவாவது ஒரு கேள்விதான் கேக்கும்" என்றார் இன்ஜினியர். "லைவ் திறந்தா விடாம கேக்கும். ஆனா இப்படி ஆகும்னு..." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தனிக் கம்பி இழுக்கணும்னு நான் சொன்னேன் மேடம். அதுக்கு மெஷினை நிறுத்தணும். நிறுத்த முடியாதுன்னுட்டாங்க."

"கம்ப்யூட்டர்ல பதிவானது, மூளைக்குக் காது கேட்ட நேரம். விரல் அழுத்தின நேரம் இல்ல. இதை நீங்க போலீஸ்ல சொல்லணும்."

"நான் எதையும் பாக்கல மேடம்."

"சார்!" என்றான் வாலு.

"என் பெரிய பொண்ணு இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா. ரெண்டாவது பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. நான் எதையும் பாக்கல."

"சரி, அந்தப் பெட்டியையாவது கழட்டுங்க."

"கழட்டினா அந்த நிமிஷமே ஹெட் ஆபீஸ்ல சிவப்பு எரியும். அப்புறம் இங்க நான் இருக்க மாட்டேன். வேற ஒருத்தன் வந்து திருப்பி மாட்டுவான்." அவர் மிரட்டவில்லை. கெஞ்சுவது போல இருந்தது. "கிளம்புங்க மேடம்."

"ஒரே ஒரு கேள்வி. லைவ் யார் யார் பாக்க முடியும்?"

"நான். அப்புறம் ஹெட் ஆபீஸ் ஸ்கிரீன் ரூம். அவ்வளவுதான். அன்னிக்கு நான் மீட்டிங்ல இருந்தேன், போன் வெளியில இருந்துச்சு."

வெளியே வந்து காரில் ஏறியதும் வாலுவுக்கு உயிர் வந்தது. "இன்ஜினியர் வாயை மூடினா என்ன? கோர்ட் ஆர்டரோட வந்து எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டுவோம். ஆபரேட்டர் சொன்னது நிஜம். அப்போ அந்த நேரத்துல ஸ்கிரீன் ரூம்ல எந்தப் புண்ணியவான் லைவைத் திறந்து வெச்சிருந்தான்? அவனை மட்டும்..."

"வாலு, அக்கா நம்மகிட்ட முதல்ல என்ன சொன்னா?"

"என்ன சொன்னாங்க? அந்த மெஷின் நின்னதை முதல்ல பாத்ததே நான்தான், ஸ்கிரீன்ல வேகம் சட்டுனு..."

வாலு வாயை மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரி வரும்வரை திறக்கவில்லை.

வார்டு வாசலில் போலீஸ்காரருக்குப் பக்கத்து பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டு டப்பா. அவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஒல்லி வீட்டுக்குப் போயிட்டு நேரா வர்றேன் மேடம். அவன் பெண்டாட்டி பச்சத் தண்ணி கூடக் குடிக்க மாட்டேங்கறா. நான் பக்கத்துல உக்காந்தாதான் ரெண்டு வாய் சாப்பிடறா. ஏதாவது தெரிஞ்சுதா?"

"தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

உள்ளே அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வலது கை ஒரு பெரிய வெள்ளைப் பொட்டலமாகத் தலையணைமேல் கிடந்தது.

"தம்பி, அந்த ஸ்டாப் பட்டன் இதுக்கு முன்னாடி எப்பவாவது தாமதமா நின்னிருக்கா?"

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு வாரமாக யாரும் அவனிடம் கேள்வி கேட்கவில்லை. எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். "நின்னிருக்கு மேடம்! எப்பவும் இல்ல. ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது சில சமயம், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி சில சமயம். சொன்னேன், யாரும் நம்பல. வந்து பாத்தா உடனே நிக்குது."

"அந்த மெஷின்ல ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்காங்க இல்ல? ஹெட் ஆபீஸ்ல யாராவது லைவ் ஸ்கிரீனைத் திறந்தா, அந்தப் பெட்டி கம்பியை அடைச்சுக்குது. உன் பட்டன் சொல்றது காத்துக்கிட்டு நிக்குது. இப்பதான் கண்ணால பாத்துட்டு வர்றோம். நீ சொன்னது உண்மை."

அவன் சிரித்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நான் அழுத்தினேன்னு சொன்னேனே மேடம். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தெரியுமா? ராத்திரி எல்லாம் அழுத்தினேனா, அழுத்தலையான்னு..."

அவனுடைய இடது கை போர்வையைச் சுருட்டிப் பிடித்தது.

"ஹெட் ஆபீஸ்லயா?" என்றான்.

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஷிஃப்ட் ஆரம்பிச்சதும் போன் பண்ணுவா மேடம். 'மெஷின் வேகம் ஏறிடுச்சு போல, பாத்து ஓட்டுடா'ம்பா. மத்தியானம் பண்ணுவா. 'இன்னும் நிறுத்தலையா, போய்ச் சாப்பிடு'ம்பா. எப்படிக்கா தெரியும்னு கேட்டா, 'உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கேன்டா'ன்னு சிரிப்பா."

வாலு தலையைக் குனிந்துகொண்டான்.

"இது அவ தப்பு இல்ல" என்றார் மேடம். "ஒரே கம்பியில ரெண்டையும் கட்டினவங்க தப்பு. கோர்ட்ல நான் அதை நிரூபிப்பேன்."

"நிரூபிப்பீங்க. அவளுக்கு நிரூபிக்க முடியுமா?" அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். "தினம் ஒல்லி வீட்டுக்குப் போய் அவன் பெண்டாட்டி பக்கத்துல உக்காந்துட்டு வர்றா மேடம். நாளைக்கு எப்படிப் போவா? என் கையைப் பாக்கும்போதெல்லாம் என்ன நினைப்பா?"

"தம்பி, அவசரப்படாதே."

"சார்!" அவன் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான். போலீஸ்காரர் எட்டிப்பார்த்தார். "நான் சொல்றதை எழுதிக்கோங்க சார். நான் லேட்டாதான் அழுத்தினேன். போன் பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் கத்தினது காதுல விழல."

"நீ பொய் சொல்றே!" என்று வாலு கத்திவிட்டான்.

"நிஜம்தான் சொல்றேன். இத்தனை நாள் சொன்னதுதான் பொய்." மேடத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அவகிட்ட சொல்லிடாதீங்க."

எத்தனையோ பேர் குற்றத்தை மறைப்பதை மேடம் பார்த்திருக்கிறார். செய்யாத குற்றத்தை இவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொள்பவனிடம் என்ன கேள்வி கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. போலீஸ்காரர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

நடைபாதையில் அக்காவைக் காணவில்லை. டப்பாவைக் கழுவப் போயிருந்தாள். மேடத்தின் கண் சுவர்க் கடிகாரத்தில் விழுந்தது. மதிய ஷிஃப்ட். அவசரமாக இன்ஜினியரைக் கூப்பிட்டார்.

"ஓட ஆரம்பிச்சாச்சு மேடம்." பின்னணியில் உருளைகளின் இரைச்சல். "என் போன்ல நான் திறக்க மாட்டேன், சத்தியமா. அங்க திறக்கறது என் கையில இல்ல." வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

வாலு போலீஸ்காரரிடம் ஓடினான். "சார், அந்த மெஷினை நிறுத்தணும் சார், இன்னொருத்தன் கை போயிடும்!" அவர் எழுதுவதை நிறுத்தாமல் சொன்னார்: "மெஷின்ல என்னப்பா இருக்கு? இதோ இவரே ஒத்துக்கிட்டாரே. புகார் இருந்தா ஸ்டேஷன்ல குடுங்க."

நீர் சொட்டும் டப்பாவோடு அக்கா வந்தாள். "என்ன சொன்னான் மேடம்?"

சொல்லாமல் இருந்தால் தம்பியின் ஆசை நிறைவேறும். ஆனால் ஸ்கிரீன் ரூமில் யாருடைய போனுக்காவது செவிசாய்ப்பார்கள் என்றால் அது இவள் போனுக்குத்தான். அந்த உருளைகளுக்கு முன்னால் இப்போது வேறொருத்தன் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"உக்காரும்மா" என்றார் மேடம்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். பெட்டி, கம்பி, படபடக்கும் விளக்கு. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், ஆபீசில் யாரோ விளக்கம் சொல்வதைக் கேட்பவள் போல. லைவ் ஸ்கிரீன் என்ற இடம் வந்ததும் தலையாட்டல் நின்றது. மேடம் அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் சும்மா பாத்தேன் மேடம்" என்றாள். "பாத்துக்கிட்டு மட்டும்தான் இருந்தேன்."

"தெரியும்மா."

"நான் போய்ச் சொல்றேன். எங்க வேணா கையெழுத்துப் போடறேன். அவனை விட்டுடச் சொல்லுங்க."

"அவன் லேட்டா அழுத்தினேன்னு எழுதிக் குடுத்துட்டான். லேட்டா அழுத்தினவனுக்கு, கம்பி அடைச்சிருந்தா என்ன, திறந்திருந்தா என்ன? உன் பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க." மேடம் அவள் தோளைப் பிடித்தார். "அதை அப்புறம் பாக்கலாம். மெஷின் இப்போ ஓடிக்கிட்டு இருக்கு. ஸ்கிரீன் ரூமுக்கு போன் போடு. லைவை மூடச் சொல்லு. இப்பவே."

டப்பா அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது. போனில் எண்ணைத் தேடி, ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் குரல், சந்தோஷமாக:

"அக்கா! எங்க இருக்கீங்க?"

"ரப்பர் மெஷின் லைவ் திறந்திருக்கா? மூடுடி. உடனே மூடு."

"எப்படிக்கா மூடறது? பெரிய டிவில போட்டிருக்கு. வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்க. எம்.டி.யே நின்னு காட்டிட்டு இருக்கார். எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சு."

போனுக்குள் கைதட்டல் கேட்டது.

"பிளக்கைப் புடுங்குடி! அந்த மெஷின்ல ஆளு நிக்கறான்!"

"என்னக்கா சொல்றீங்க? கேக்கல, இங்க ஒரே சத்தம்."

"பின்பக்கம் பட்டன்கிட்ட இப்போ யாரு நிக்கறா? முன்னாடி யாரு நிக்கறா? அதையாவது பாத்துச் சொல்லுடி!"

மறுமுனையில் அந்தப் பெண் உண்மையாகவே திரையைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது.

"வேகம் தெரியுது, சூடு தெரியுது. ஆளெல்லாம் இதுல தெரியாதேக்கா."